பதினோராம் படைப்புக்குக் கூரை

வீட்டைப் பற்றி முந்நூற்று அறுபத்தைந்து கவிதைகள் எழுதிய கணினிக்குத் திருத்தணியில் தங்க இடம் கிடைக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பைபாஸ் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் மணமகள் அறையை ஒதுக்கிவிட்டார்கள். ஏசி உண்டு, ஜெனரேட்டர் உண்டு, ஆளுயரக் கண்ணாடி உண்டு. கணினி கண்ணாடி பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் அனுபவித்தது.

அதை அழைத்துவந்தது அனைத்து மாவட்டச் சமகாலக் கலை மேம்பாட்டுக் கழகம். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல வருகிறவர்களுக்குத்தான் அங்கே பதவி உயர்வு என்பார்கள். இயக்குநர் விஜயராகவனுக்கு அரை மூச்சே போதும். அவருடைய யோசனைதான் 'உறைவிடம்' என்ற விழா. கணினியின் கவிதைகளில் பதினொன்றைப் பொறுக்கி, பதினோரு கலைஞர்களிடம் கொடுத்து, பதினோரு படைப்புகளை ஊருக்குள் ஒன்றரை மாதம் நிறுவிவைப்பது. மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி இருப்பதால் படிக்கு ஒரு கவிதை என்பதுதான் முதல் திட்டம். காவடி தூக்கிக்கொண்டு ஏறுகிறவர் நின்று கவிதை படித்தால் பின்னால் வருகிறவர் என்ன செய்வார் என்று கோயிலில் கேட்டார்கள். கலை அடிவாரத்தோடு நின்றது.

தொடக்க விழாவில் விஜயராகவன் பேசினார்.

"வீட்டில் இருப்பவனுக்கு வீட்டைப் பற்றி என்ன தெரியும்? வாடகை தெரியும், வரி தெரியும், ஒழுகல் தெரியும். வீடு தெரியாது. எனக்கே மூன்று வீடுகள் இருக்கின்றன. மூன்றும் எனக்கு எதையும் உணர்த்தியதில்லை. அதனால்தான் இதுவரை ஒரு வீட்டிலும் குடியிருந்திராத ஒருவரை எழுதச் சொன்னோம்."

கை தட்டினார்கள். மணமகள் அறையிலிருந்து ஏசியின் உறுமல் கேட்டது.

ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. ரயில்வே ஸ்டேஷன் எதிரில் சுவர் இல்லாமல் ஒரு கதவை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். காலை ரயிலுக்கு ஓடுகிறவர்கள் அதைத் திறந்து, நுழைந்து, மறக்காமல் சாத்திவிட்டு ஓடினார்கள். சந்தைப் பக்கம் மரத்தில் ஒரு குட்டி வீட்டைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். மூன்றாம் நாள் அதைச் சுற்றி மஞ்சள் துணியில் பதினேழு குட்டித் தொட்டில்கள் தொங்கின. பார்வையாளர் பங்கேற்பு என்று கழகம் அதை அறிக்கையில் எழுதிக்கொண்டது.

சிக்கல் பதினொன்றாவதில் வந்தது. அது லாரியில் வந்துகொண்டிருந்தது. நான்கு நாளாக வந்துகொண்டிருந்தது. டிரைவர் போனை எடுக்கவில்லை. கையேட்டிலோ பதினொன்று என்று அச்சாகிவிட்டது. அச்சானதை மாற்றும் வழக்கம் கழகத்தில் இல்லை. அதற்குப் பதில் ஊரை மாற்றிவிடுவார்கள். எனவே விஜயராகவனும் கண்காட்சிப் பொறுப்பாளர் தமயந்தியும் காரில் ஏறிப் பதினொன்றாவதைத் தேடிப் புறப்பட்டார்கள். நந்தி ஆற்றுப் பக்கத் தெரு ஒன்றில் தமயந்தி "நிறுத்துங்க!" என்று கத்தினார்.

அங்கே நின்றது ஜம்புலிங்கத்தின் வீடு.

ஜம்புலிங்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பதினைந்து வருடம் பக்தர்களை நெருக்கி உட்காரவைத்து, அந்த நெருக்கத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய வீடு. நான்கு சுவரும் எழும்பிவிட்டன. வாசக்கால் மஞ்சள் குங்குமத்தோடு நின்றது. கூரை மட்டும் பாக்கி. புருஷனும் பெண்டாட்டியும் பின்பக்கம் தகர ஷீட் போட்ட ஒற்றை அறையில் இருந்தார்கள். சிமெண்ட் மூட்டைகளும் அவர்களோடு அங்கேயே இருந்தன. வீடு கட்டுகிற எல்லாரையும் போல ஜம்புலிங்கமும் கண்ணேறு படாமலிருக்க வாசலுக்கு மேல் ஒரு வைக்கோல் பொம்மை கட்டியிருந்தார். அதற்குத் தன் பழைய காக்கிச் சட்டையையே மாட்டி, பானைத் தலையில் மீசை வரைந்திருந்தார். பக்கத்தில் பல் இளிக்கும் பூசணிக்காய்.

தமயந்தி கையேட்டைப் புரட்டிப் பதினொன்றாவது கவிதையைப் படித்தார்.

'வீட்டுக்காரன் வாசலில் தொங்குகிறான்.
உள்ளே யாரும் இல்லை.
கூரை இருக்க வேண்டிய இடத்தில் வானம்.
வானம் ஒருநாள் கல்லாகும்.'

"சார், காக்கிச் சட்டையைப் பாருங்க. உழைக்கிறவன் தன் வாசல்லயே தொங்குறான். பக்கத்துல சிரிக்கிற காய்தான் சமூகம்."

"லாரி எப்ப வந்துச்சு?" என்றார் விஜயராகவன்.

"வந்திருக்கு சார். இல்லன்னா இது எப்படி வந்துச்சு?"

கழகத்தில் இதைவிடப் பலவீனமான காரணத்துக்கெல்லாம் கட்டிடம் திறந்திருக்கிறார்கள். அன்று மாலையே சிவப்பு நாடா கட்டி, கவிதையைப் பலகையில் எழுதி, 'படைப்பு எண் 11. தொடாதீர்கள்' என்று நட்டு, குமரவேல் என்ற காவலரையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

சவாரி முடித்து வந்த ஜம்புலிங்கம் நாடாவைத் தூக்கிக்கொண்டு குனிந்தார்.

"ஏங்க, எங்க போறீங்க? யாரு நீங்க?" என்றார் குமரவேல்.

"இன்னாது யாரா? வீட்டுக்காரன்யா."

குமரவேல் பலகையைப் படித்தார். நிமிர்ந்து பொம்மையைப் பார்த்தார். "வீட்டுக்காரரு மேல தொங்கிகினு கீறாரே."

"அது என் சட்ட!"

"அப்ப கழட்டிக் குடுக்கச் சொல்லி லெட்டர் எழுதுங்க. தொடக் கூடாது, அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

சத்தம் கேட்டு வந்த வரலட்சுமி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னாமோ பேசிகினு நிக்கிற? ஐப்பசி மழைக்குள்ள கூரை போடணும். பொண்ணோட மாமியா நேத்தும் போன் பண்ணி இன்னா சொல்லுச்சி?"

அவர்களுடைய ஒரே மகள் சுசித்ராவுக்கு ஏழாம் மாதம். அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்தும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவில்லை. மாமியார் கெங்கம்மாள் சொன்னது சுருக்கமானது: "தகரத்து அடியில எங்க பொண்ணு புள்ள பெத்துக்க மாட்டா. கூரை போட்டுட்டு கூப்புடுங்க சம்பந்தி. இல்லன்னா இங்கயே பாத்துக்கறோம்." அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் ஜம்புலிங்கத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

மறுநாள் மண்டபத்துக்குப் போனார். கணினியைப் பார்க்க வந்தவர்கள் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று விஜயராகவனை அடைந்தார்.

"ஐயா, அது கலை இல்லீங்க. என் வூடு."

விஜயராகவன் பரவசப்பட்டார். "பாத்தீங்களா தமயந்தி? படைப்பு பாமரனை எப்படிப் பாதிச்சிருக்கு! 'என் வீடு'ங்கறான். ஒவ்வொருத்தனும் இப்படி உணரணும்."

"உணரலீங்க. பட்டா கீது."

பட்டாவைத் தமயந்தி புரட்டிப் பார்த்தார். நிலம் ஜம்புலிங்கத்தினுடையது என்பதில் கழகத்துக்கு மறுப்பில்லை. நிலத்துக்கு மேல் நிற்பது கணினியின் கவிதைக்குக் கிடைத்த வடிவம். அவரை வேண்டுமானால் 'இடம் தந்த ஆர்வலர்' என்று போடலாம். கழுத்தில் மாட்டும் அட்டை ஒன்றும், விதிமுறைக் கையேடு ஒன்றும் தந்தார்கள். அட்டையைக் காட்டினால் காலை பத்திலிருந்து ஐந்து வரை தன் வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். திங்கள் விடுமுறை.

விதி ஒன்பது: படைப்பை நிறுவலாம், நிறுவியதை மாற்றக் கூடாது.

விதி பதினான்கு: எவரேனும் குடியிருக்கும் இடம் படைப்பாகாது.

ஜம்புலிங்கம் பதினான்கைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நானும் சம்சாரமும் இன்னைக்கே உள்ள குடிபோறோம்."

"கூரை இல்லாத இடத்துல இருந்தா அது குடியிருக்கறது ஆகாதுங்க. அது நிகழ்த்துகலை. தனி அனுமதி வாங்கணும்," என்றார் தமயந்தி.

"சரி, கூரை போட்டுக்கறேன்."

"ஒன்பது."

"ஒன்பத எடுக்கணும்னா?"

"பதினாலு. குடியிருக்கணும்."

ஜம்புலிங்கம் அட்டையை மாட்டிக்கொண்டு திரும்பினார். விஜயராகவனுக்கு மனசு கேட்கவில்லை. ஏழைகளின் குரலைக் கேட்கும் நிறுவனம் என்று கையேட்டின் பின்னட்டையிலேயே போட்டிருந்தது. எனவே மனுவைக் கணினியிடம் வைத்தார். 'கூரை போடலாமா?' என்று தட்டினார்கள். கணினி மூன்று விநாடியில் பதில் தந்தது: 'கேள்வியும் ஒரு கூரைதான், அதன் கீழ் நனையாமல் நில்.' ஐந்து பேர் கமிட்டி இதை இரண்டு நாள் ஆராய்ந்து, மனு நிராகரிக்கப்பட்டது என்று பொருள் கொண்டது.

அப்புறம் கூட்டம் வர ஆரம்பித்தது. சென்னையிலிருந்து ஒரு விமர்சகர் வந்து பூசணிக்காயின் முன் நாற்பது நிமிடம் கண்மூடி நின்றார். அது அழுகத் தொடங்கியிருந்ததால் வேறு வழியும் இல்லை. வரலட்சுமி கொடியில் காயப்போட்ட உள்பாவாடையைப் படைப்பின் துணைப்பகுதி என்று வரைபடத்தில் சேர்த்துவிட்டார்கள். நான்கு நாள் எடுக்க முடியவில்லை. சொந்த வீடு வேண்டிக்கொள்கிற பக்தர்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சுவரோரம் மூன்று கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கும்பிட்டுப் போனார்கள். அந்த வீட்டுக்காரனுக்கே கூரை இல்லை என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பாவம், வேண்டுதல்.

ஜம்புலிங்கம் ஒவ்வொரு நாளும் சிமெண்ட் மூட்டையை அமுக்கிப் பார்த்தார். ஓரத்தில் இறுக ஆரம்பித்திருந்தது. வரலட்சுமி ஒவ்வொரு நாளும் விதிமுறைக் கையேட்டைப் படித்தாள். கழகம் தொடங்கியதிலிருந்து அதை முழுதாகப் படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் நாள் காலை தெருவில் ஒரு லாரி நின்றது. மொட்டைத் தலையும் சந்தனமுமாக டிரைவர் இறங்கினார்.

"பதினொன்னாம் நம்பர் இதானுங்களா?"

"ஆங், பலகை கீதே," என்றார் குமரவேல். "நீ யாரு?"

"சரக்கு கொண்டாந்திருக்கேன். அட்ரஸ் சீட்டு மழைல நனைஞ்சு போச்சுங்க. 'முருகன் மலை'ன்றது மட்டும்தான் தெரிஞ்சுது. பழநி போனேன், இல்லன்னாங்க. திருப்பரங்குன்றம், சுவாமிமலை எல்லாம் போயிட்டேன். திருச்செந்தூர்ல மலையே இல்ல, இருந்தாலும் அவ்ளோ தூரம் போயிட்டு பாக்காம வரலாமா? மொட்ட போட்டுகினேன். யாராச்சும் கையெழுத்துப் போடுங்க."

காணாமல் போன உண்மையான பதினொன்றாம் படைப்பு அது. பெயர் 'தாங்குதல்'. அறுபது சவுக்குக் கம்புகள், நாற்பது பலகைகள், கட்டுக் கட்டாக இரும்புக் கம்பி. கழுத்தில் கழகத்தின் அட்டை தொங்கிய ஒரே ஆள் ஜம்புலிங்கம்தான். கையெழுத்துப் போட்டார்.

வரலட்சுமியின் தம்பி தணிகைமணி மேஸ்திரி. சேதி கேட்டு வந்தவன் கம்புகளைத் தட்டிப் பார்த்தான். பிறகு கலைஞர் எழுதி அனுப்பிய குறிப்பை வாய்விட்டுப் படித்தான்: "கம்புகளைச் சுவர்களுக்குள் இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்துக. மேலே பலகைகளை இடைவெளியின்றிப் பரப்புக. அதன்மேல் கம்பிகளைக் கட்டம் கட்டமாகக் கட்டி அப்படியே விடுக. முடிவுறாமையே அழகு."

படித்துவிட்டு அக்கா புருஷனைப் பார்த்தான். "பாவா, இது சென்ட்ரிங். எழுதனவரு நம்மாளு. காங்கிரீட் போட மறந்துட்டாரு, அவ்ளோதான்."

"மாத்தக் கூடாதுன்னு ரூல் கீதுடா."

"நிறுவலாம்னும் கீது," என்றாள் வரலட்சுமி. "ஒன்பதாவது. மொத வரியே அதான்."

குமரவேல் சந்தேகம் தீர்த்துக்கொள்ளத் தமயந்திக்குப் போன் போட்டார். "மேடம், பதினொன்னு வந்து எறங்கியிருக்கு. நிறுவலாமானு கேக்கறாங்க." தமயந்தி அப்போது அமைச்சர் வருகைக்குச் சால்வை நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். "நிறுவட்டும், நிறுவட்டும். குறிப்புப்படி நிறுவச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டார்.

குறிப்புப்படியே நிறுவினார்கள். மூன்று நாளில் முட்டு நின்றது, பலகை பரந்தது, கம்பி கட்டியாயிற்று. நான்காம் நாள் காலை மிக்சர் மிஷின் வந்து தெருவை அடைத்தபோதுதான் குமரவேல் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இது குறிப்புல இல்லையே."

"கவிதைல கீது," என்றாள் வரலட்சுமி. பலகையின் கடைசி வரியைக் கரண்டியால் தட்டிக் காட்டினாள். "வானம் ஒருநாள் கல்லாகும். படி. எந்த நாளுன்னு போடல. நாங்க வெள்ளிக்கெழம பாத்தோம். ஒக்காருண்ணே, பிரியாணி ஆயிடும்."

கூரை போடுகிற நாளில் வேலைக்காரர்களுக்குச் சோறு போடுவது வழக்கம். குமரவேல் கவிதையை இரண்டு முறை படித்தார். அடுப்புப் பக்கமிருந்து வந்த வாசனையையும் கவனித்தார். கணினி சொன்னதை மறுக்கத் தான் யார் என்று உட்கார்ந்துவிட்டார். பிற்பாடு ஒரு காங்கிரீட் சட்டி வாங்கி வரிசையிலும் நின்றதாகத் தணிகைமணி சொல்கிறான். சாயங்காலத்துக்குள் வானம் நான்கு அங்குலக் கனத்துக்குக் கல்லானது.

நிறைவு நாளன்று விஜயராகவன், தமயந்தி, நடுவர்கள் மூவர் என்று ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். விஜயராகவன் அண்ணாந்தார்.

"வானம் எங்கே?"

தணிகைமணி ஏணியைச் சாத்தி, "மேல வந்து பாருங்க சார்," என்றான். காங்கிரீட் இறுக மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். வேட்டியை மடித்துக்கொண்டு ஏறிய விஜயராகவன் பாத்தி பாத்தியாக மேகத்தைப் பார்த்தார். இறங்கும்போது கண் கலங்கியிருந்தது.

"வானத்தைக் கூரைமேலயே தேக்கி வெச்சிருக்கான்யா!"

நடுவர்கள் அறுபது கம்புகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து வந்தார்கள். ஒருவர் இதுதான் விழாவின் உச்சம் என்றார். இன்னொருவர் மாநிலத்தின் உச்சம் என்றார். மூன்றாமவர் உச்சம் என்ற சொல்லையே மறுபரிசீலனை செய்யவேண்டும் என்றார். விஜயராகவன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல் பரிசு. அத்தோடு நிற்கக் கூடாது. நிரந்தரமாகக் கழகமே எடுத்துக்கொண்டு பாதுகாக்கும். சுற்றிக் கண்ணாடி. இந்த மண்ணின் மைந்தனுக்கு அதைத் துடைக்கும் வேலை. ஜம்புலிங்கம், உங்க வீட்டை இனி யாராலும் உங்ககிட்டருந்து பிரிக்க முடியாது."

கூரைக்கு ஆசைப்பட்டுச் சுவரும் போகிற நிலைமை. ஜம்புலிங்கம் திரும்பிப் பெண்டாட்டியைத் தேடினார். அவளைக் காணோம்.

அவள் சமையலறை வரவேண்டிய மூலையில், இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கட்டிய பாத்திரத்தில் பால். விஜயராகவன் பேச்சை முடிப்பதற்குள் பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. சர்க்கரை போட்டு ஆற்றி, ஐந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"எடுத்துக்கங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க. மேடம், நீங்களும்."

புது வீட்டில் பாலைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒருவரும் அங்கே இல்லை. ஐந்து பேரும் குடித்தார்கள். விஜயராகவன் பழக்கதோஷத்தில், "நல்லா இருங்கம்மா," என்றும் சொல்லிவிட்டார்.

சொல்லிய பிறகுதான் தமயந்திக்கு உறைத்தது. டம்ளரைக் கீழே இறக்கினார். "சார்... இது பால் காய்ச்சினது."

"அதனால?"

"கிரகப்பிரவேசம் சார்."

வரலட்சுமி இடுப்பிலிருந்து கையேட்டை எடுத்து, மடித்துவைத்த பக்கத்தை நீட்டினாள். "பதினாலாவது சார். குடியிருக்கற எடம் படைப்பாவாது. கூரை கீது, அடுப்பு கீது, பால் பொங்கியாச்சு. வந்தவங்க குடிச்சிட்டு வாழ்த்தியும் ஆச்சு."

"ஒரு டம்ளர் பாலால கலையை ரத்து பண்ண முடியுமா?" என்று விஜயராகவன் சீறினார். கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். காலியாக இருந்தது.

"வேணும்னா குடிக்கலன்னு மினிட்ஸ்ல எழுதிடலாம் சார்," என்றார் ஒரு நடுவர்.

"நான் எழுத மாட்டேன்," என்றார் தமயந்தி. அந்த ஒன்றரை மாதத்தில் அவர் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினார். "காய்ச்சின பாலைக் குடிச்சிட்டு அது வீடு இல்லன்னு எழுதினேன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுல சேர்க்க மாட்டாங்க."

ஐந்து பேரும் தங்கள் தங்கள் அம்மாக்களை நினைத்துக்கொண்டார்கள். முதல் பரிசு ரயில்வே ஸ்டேஷன் கதவுக்குப் போயிற்று.

கம்புகளையும் பலகைகளையும் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். காங்கிரீட் கறைகளோடு 'தாங்குதல்' இன்னும் ஆழமாகிவிட்டதாக அந்தக் கலைஞர் மகிழ்ந்தாராம். மண்டபத்தில் முகூர்த்தம் வந்துவிட்டதால் மணமகள் அறையிலிருந்து கணினியை வெளியே எடுத்து, பந்தி நடக்கும் கூடத்துக்கு வெளியே தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார்கள். அதன் பிறகு அது வீட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று கேள்வி.

பத்து நாள் கழித்து ஜம்புலிங்கத்துக்குக் கழகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. கோபுர முத்திரை, வட்ட முத்திரை, இயக்குநரின் பச்சை மைக் கையெழுத்து. 'நந்தி ஆற்றுத் தெருவில் அமைந்துள்ள மேற்படி கட்டுமானம் எவ்விதக் கலைத்தன்மையும் அற்றது எனவும், அது வெறும் வீடு மட்டுமே எனவும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.' திட்டியிருக்கிறார்கள் என்பது ஜம்புலிங்கத்துக்குப் புரியவில்லை. இரண்டு நகல் எடுத்தார். 'வீடு முடிந்ததற்கு என்ன ஆதாரம்?' என்று ஒவ்வொரு முறையும் திருப்பியனுப்பிய மின்சார அலுவலகத்தில் ஒன்றை நீட்டினார். அத்தனை முத்திரைகளை அவர்கள் அதுவரை ஒரே தாளில் பார்த்ததில்லை. மறுநாளே மீட்டர் வந்தது. அசலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலுக்கு உள்ளே மாட்டினார்.

ஐப்பசி முதல் மழை கொட்டிய அன்று ஆட்டோவில் சுசித்ரா வந்து இறங்கினாள். கூடவே கெங்கம்மாளும், மருமகளை விட்டுவிட்டுப் போகவா கூட்டிக்கொண்டு போகவா என்று பார்க்க. சுசித்ரா கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்தாள்.

"நைனா, ஒரு சொட்டுகூட எறங்கல."

கெங்கம்மாள் அவ்வளவு சுலபமாக நம்புகிறவர் இல்லை. நான்கு மூலையையும் விரலால் தடவிப் பார்த்தார். சுவரில் இருந்த சட்டத்தின் முன் நின்று, எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தார்.

"இன்னாங்க சம்பந்தி, எல்லாரும் சாமி படம் மாட்டுவாங்க. நீங்க இத மாட்டிகினு கீறீங்க?"

ஜம்புலிங்கம் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே வந்தார்.

"ஊர்ல எல்லாரும் அவங்கவங்க வூட்ட வூடுன்னு அவங்களேதான் சொல்லிகினு கீறாங்க. என் வூடு ஒன்னுதான் சம்பந்தி, அஞ்சு பேர் கமிட்டி கூடி விசாரிச்சு, வூட்டத் தவிர வேற ஒன்னுமே இல்லன்னு சீல் குத்திக் குடுத்தது."

கெங்கம்மாள் இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்தார்.